இதயத்தை உழைக்க வைத்துப் பார்க்கும் சோதனை: செவிலியரின் பங்கு

ஓய்வில் இருக்கும் இதயத்தின் இ.சி.ஜி. பதிவு எல்லா வேளைகளிலும் முழு உண்மையையும் சொல்லிவிடுவதில்லை. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரித் தமனியின் உள்வழி பாதிக்கு மேல் அடைபட்டிருந்தாலும், நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒருவருக்குத் தேவையான இரத்தம் எஞ்சிய வழியே சென்றுவிடக் கூடுமாதலால், அவருக்கு வலியும் தோன்றாமல், பதிவிலும் மாற்றம் தெரியாமல் போகலாம். அவரே மாடிப்படி ஏறும்போதோ பேருந்தைப் பிடிக்க விரையும்போதோ இதயம் கேட்கும் இரத்தத்தின் அளவு உயர்கிறது. குறுகிய வழியால் அதைத் தர இயலாதபோது நெஞ்சில் இறுக்கமும் மூச்சிரைப்பும் உண்டாகின்றன. இந்தப் பற்றாக்குறையை மருத்துவக் கண்காணிப்பின்கீழ், திட்டமிட்ட அளவில் வரவழைத்துப் பார்ப்பதே ‘ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’ ஆகும். இங்கே ‘ஸ்ட்ரெஸ்’ என்பது மன உளைச்சலைக் குறிப்பதன்று. இதயத்தின்மீது ஏற்றப்படும் உழைப்புச் சுமையையே குறிக்கிறது. நகரும் பட்டைமீது நடக்கவைத்துச் செய்யப்படும் வகை, தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் டி.எம்.டி. என்றும் டிரெட்மில் டெஸ்ட் என்றும் வழங்குகிறது.

இச்சோதனைக்கு வருவோரில் பெரும்பாலோர் வெளிநோயாளர்கள். காலையில் வீட்டிலிருந்து வந்து, சோதனை முடிந்ததும் வீடு திரும்புகிறவர்கள். வார்டில் படுத்திருக்கும் நோயாளியின் இரவு எப்படிக் கழிந்தது என்பதை அவருடைய குறிப்பேடு சொல்லும். வெளிநோயாளரைப் பற்றி அப்படிச் சொல்ல எதுவும் இல்லை. கையில் ஒரு சீட்டுடன் வரும் அந்த மனிதரைச் சிறிது நேரத்துக்குள் அறிந்துகொண்டு, அவரை இன்று நடக்க வைக்கலாமா, எப்போது நிறுத்த வேண்டும், எப்போது வீட்டுக்கு அனுப்பலாம் என்ற மூன்று முடிவுகளுக்கும் அடிப்படையான செய்திகளைத் திரட்டுவது செவிலியரின் பணியாகும். கருவி பதிவு செய்வதைக் காட்டிலும் செவிலியர் கேட்டறிவதும் கண்டறிவதும் சோதனையின் பாதுகாப்பையும் பயனையும் பல இடங்களில் தீர்மானிக்கின்றன.

படிக்கட்டிலிருந்து பட்டைக்கு

இதயத்தை உழைக்க வைத்து அளக்கும் எண்ணம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பழமை உடையது. அமெரிக்க மருத்துவர் ஆர்தர் மாஸ்டர், 1929இல், இரண்டு படிகளில் ஏறி இறங்கச் செய்து நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளக்கும் எளிய முறை ஒன்றை வெளியிட்டார், இ.சி.ஜி. பதிவு அதனுடன் பின்னர்தான் சேர்ந்தது. எல்லோரையும் ஒரே படியில் ஏற்றியதால், வலுவானவருக்கு அது போதாமலும் நலிந்தவருக்கு மிகையாகவும் இருந்தது. சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் புரூஸ் 1963இல் வெளியிட்ட பல கட்ட முறை இக்குறையைத் தீர்த்தது.

இன்றும் உலகெங்கும் பரவலாகப் பயன்படும் புரூஸ் முறையில், மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை பட்டையின் வேகமும் சாய்வும் கூடுகின்றன. முதற்கட்டத்தில் வேகம் மணிக்கு 2.7 கிலோமீட்டர், சாய்வு 10 விழுக்காடு; அதாவது 100 அடி முன்னேறினால் 10 அடி உயரம் ஏறும் மேட்டில் மெல்ல நடப்பதற்குச் சமம். இரண்டாம் கட்டத்தில் 4 கிலோமீட்டரும் 12 விழுக்காடும், மூன்றாம் கட்டத்தில் ஏறத்தாழ 5.5 கிலோமீட்டரும் 14 விழுக்காடும் என அது உயர்ந்துகொண்டே போகிறது. முதியவர்க்கும் நடை தளர்ந்தவர்க்கும், சாய்வே இல்லாத சமதளத்தில் தொடங்கும் மாற்றியமைத்த புரூஸ் முறை பயன்படுத்தப்படுகிறது.

தொடக்க காலத்தில் இச்சோதனையின்போது மருத்துவர் நோயாளியின் அருகிலேயே நிற்க வேண்டும் என்பது எழுதாத விதியாக இருந்தது. அமெரிக்காவில் 73 மையங்களில் நடந்த ஏறத்தாழ 1,70,000 சோதனைகளை ஆராய்ந்து 1971இல் வெளியான அறிக்கை, உயிரிழப்பு ஏறத்தாழ 10,000 சோதனைகளுக்கு ஒன்று என்று கணக்கிட்டது. நோயாளிகளைத் தெரிந்தெடுப்பதிலும் கண்காணிப்பதிலும் அனுபவம் கூடக் கூட, பயிற்சி பெற்ற செவிலியர்களும் உடற்பயிற்சி இயல் வல்லுநர்களும் சோதனையை நேரடியாக மேற்பார்வையிடத் தொடங்கினர். அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் வெளியிட்ட அறிவியல் அறிக்கை இதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. உரிய பயிற்சி பெற்ற மருத்துவரல்லாதோர் சோதனையை மேற்பார்வையிடலாம் என்றும், தேவைப்பட்டால் உடனே வந்து சேரக்கூடிய தொலைவில் மருத்துவர் இருக்க வேண்டும் என்றும், ஆபத்து மிகுந்த நோயாளிகளுக்கு மருத்துவரே அறைக்குள் இருக்க வேண்டும் என்றும் அது வரையறுத்தது. தமிழ்நாட்டின் பல மருத்துவமனைகளில் டெக்னீஷியனும் மருத்துவரும் செவிலியரும் இவ்வேலையைப் பகிர்ந்துகொள்கின்றனர். பகிர்வு இடத்துக்கு இடம் வேறுபட்டாலும், செய்யப்பட வேண்டியவை மாறுவதில்லை.

பட்டை நகரும் முன்

செவிலியரின் பணியில் முதன்மையான பகுதி பட்டை நகர்வதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ‘கடந்த இரண்டு மூன்று நாட்களில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சுவலி வந்ததா?’ என்ற எளிய கேள்வி, அப்போது கேட்க வேண்டியவற்றுள் தலையாயது. உழைத்தால் வந்து, ஓய்வெடுத்தால் அடங்கும் வலி நிலையானது. ஓய்விலும் வரும் வலியோ, நாளுக்கு நாள் கூடிவரும் வலியோ நிலையற்றது. சீட்டு எழுதப்பட்ட நாளில் நிலையாக இருந்த வலி, சோதனைக்கு வரும் நாளில் மாறியிருக்கக்கூடும். அப்படிப்பட்டவரைப் பட்டையில் ஏற்றுவது ஆபத்தானது. அவர் செல்ல வேண்டிய இடம் அவசர சிகிச்சைப் பிரிவாகும். மாரடைப்பு ஏற்பட்டு இரண்டு நாட்களுக்குள் இருப்பவர், கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்போ துடிப்புக் கோளாறோ உள்ளவர், மயக்கம் போன்ற அறிகுறிகளுடன் மகாதமனி வால்வு கடுமையாகச் சுருங்கியவர், இதயத் தசையிலோ அதன் உறையிலோ அண்மையில் அழற்சி கண்டவர் ஆகியோருக்கும் இச்சோதனை கூடாது.

அடுத்து மருந்துகள். பீட்டா பிளாக்கர் எனப்படும் மாத்திரைகள் இதயத் துடிப்பை உயரவிடாமல் தடுப்பதால், நோயைக் கண்டறிவதற்கான சோதனைக்கு முன் ஒன்றிரண்டு நாட்கள் அவற்றை நிறுத்திவைக்குமாறு மருத்துவர் கூறுவதுண்டு. ஏற்கனவே நோய் உறுதியானவர்க்கு, மருந்து போதிய அளவு வேலை செய்கிறதா என்று அறியவேண்டி, மருந்துடனேயே சோதனை செய்வதும் உண்டு. இவ்விரண்டில் எது நோக்கம் என்று செவிலியர் சீட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். இம்மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது சிலருக்குத் தீங்கு தரும் என்பதால், நோயாளி தாமாக நிறுத்துவது முறையன்று. நீரிழிவு உள்ளவர் சாப்பிடாமல் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வந்திருந்தால், நடக்கும்போது அவருடைய சர்க்கரை அளவு தாழ்ந்து மயங்கக்கூடும் என்பதால், அதையும் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

ஓய்வுநிலை இ.சி.ஜி.யை எடுத்துப் பழைய பதிவோடு ஒப்பிடுவதும் இக்கட்டத்தில்தான். இடது கற்றைக் கிளை அடைப்பு எனப்படும் மின்கடத்தல் குறை உள்ளவருக்கும், பேஸ்மேக்கர் தூண்டுதலால் இதயம் துடிப்பவருக்கும், உழைப்பின்போது வரும் இ.சி.ஜி. மாற்றத்தைக் கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. இமேஜிங் எனப்படும் படப்பிடிப்போடு சேர்ந்த வேறு சோதனை அவர்களுக்குத் தேவை. இதை முன்கூட்டியே கண்டு மருத்துவரிடம் சொல்லும் செவிலியர், பயனற்ற ஒரு சோதனையிலிருந்து நோயாளியைக் காக்கிறார்.

பிறகு மின்முனைகளை ஒட்டும் பணி. பத்து மின்முனைகளிலிருந்து பன்னிரண்டு கோணப் பதிவுகள் கிடைக்கின்றன. சாதாரண இ.சி.ஜி.யில் கையிலும் காலிலும் மாட்டப்படுபவை, நடக்கும்போது ஆடிக் குழப்பம் விளைவிக்கும் என்பதால், மேசன், லிகார் என்ற இருவர் 1966இல் வகுத்த முறைப்படி உடற்பகுதிக்கே இடம் மாற்றப்படுகின்றன. தேங்காய் எண்ணெயும் முகப்பவுடரும் வியர்வையும் படிந்த தோலில் மின்முனை உறுதியாகப் பிடிக்காது. ஆகவே ஸ்பிரிட் கொண்டு துடைத்து, மெல்லத் தேய்த்து, தேவையான இடத்தில் முடியை மழிக்க வேண்டும். தளர்ந்த ஒரு மின்முனை, ஆபத்தான துடிப்புக் கோளாறு போன்ற தோற்றத்தைத் திரையில் காட்டி அறையையே கலங்கடிக்கக்கூடும். பெண் நோயாளிகளின் கூச்சத்தை மதித்து, திரையிட்டு, பெண் செவிலியர் ஒருவரே மின்முனைகளை ஒட்டுவது மரியாதை மட்டுமன்று. கூச்சத்தால் உரிய இடம் தவறி ஒட்டப்பட்டால் பதிவே பிழையாகும். சேலையோ வேட்டியோ கட்டிக்கொண்டு சாய்ந்த பட்டையில் விரைந்து நடப்பது இடறலுக்கு வழிவகுக்குமாதலால், தளர்வான சுடிதாரோ பேண்ட்டோ அணிந்து வருமாறு முன்பே சொல்லி அனுப்புவதும் செவிலியரின் அறிவுரைகளில் ஒன்றாகும்.

எமர்ஜென்சி டிராலியில் டிஃபிப்ரிலேட்டர் எனப்படும் மின் அதிர்வுக் கருவி இயங்கும் நிலையில் இருக்கிறதா, ஆக்சிஜன் இருக்கிறதா, மருந்துகள் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று நாள்தோறும் சரிபார்ப்பதும், இதய நிறுத்தம் ஏற்பட்டால் மீட்கும் பயிற்சியை உரிய காலத்தில் புதுப்பித்துக்கொள்வதும் இப்பணியின் பிரிக்க முடியாத பகுதிகள். இக்கருவிகளும் பயிற்சியும் பெரும்பாலான நாட்களில் பயன்படுவதே இல்லை.

நடக்கும்போது

பட்டை நகரத் தொடங்கியதும் திரையில் மூன்று செய்திகள் ஓடுகின்றன: இதயத் துடிப்பு, அதன் ஒழுங்கு, எஸ்.டி. பகுதி. எஸ்.டி. பகுதி என்பது இதய அறை சுருங்கியதைக் காட்டும் கூர்முனைக்கும் அடுத்து வரும் அலைக்கும் இடைப்பட்ட கோடு. இதயத் தசைக்கு இரத்தம் குறையும்போது இக்கோடு இறங்குகிறது. அது 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ, கிடைமட்டமாகவோ கீழ்நோக்கிச் சரிந்தோ தாழ்ந்தால் சோதனை ‘பாசிட்டிவ்’ எனப்படுகிறது. துடிப்பின் உச்ச அளவு, 220இலிருந்து வயதைக் கழித்துத் தோராயமாகக் கணிக்கப்படுகிறது. 60 வயதினருக்கு அது 160. அதில் 85 விழுக்காடான 136ஐ எட்டினால் இதயம் போதிய அளவு உழைத்துவிட்டது எனக் கொள்வது வழக்கம். இது சராசரிக் கணக்கே ஆதலால், அந்த எண்ணைத் தொட்டவுடன் நிறுத்திவிட வேண்டும் என்பதில்லை.

இரத்த அழுத்தத்தை அளப்பது பெரும்பாலும் செவிலியரின் கையில் இருக்கிறது. நடக்கும் உடலின் அசைவாலும் பொறியின் இரைச்சலாலும் தானியங்கிக் கருவிகள் தடுமாறக்கூடும் என்பதால், நோயாளியின் கையைத் தாங்கிப் பிடித்து, ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு அளக்கும் பழைய திறன் இங்கே இன்னும் மதிப்பிழக்கவில்லை. உழைப்பு கூடக் கூட இரத்த அழுத்தத்தின் மேல் எண் உயர வேண்டும். கீழ் எண் ஏறத்தாழ அப்படியே இருக்கும் அல்லது சற்றுக் குறையும். உழைப்பு கூடும்போது மேல் எண் தொடக்க அளவைக் காட்டிலும் 10க்கு மேல் இறங்கி, இரத்தக் குறைவின் வேறு அடையாளமும் உடன் தோன்றினால், இதயம் தளர்கிறது என்பதற்கு அது எச்சரிக்கையாகும். சோதனையை அப்போதே நிறுத்த வேண்டும்.

தாங்க முடியாத நெஞ்சுவலி, தள்ளாட்டம், மயக்கம் வருவது போன்ற நிலை, முகம் வெளிறுதல், உதடு நீலம் பூத்தல், கீழறையிலிருந்து எழும் விரைவுத் துடிப்பு தொடர்தல், எஸ்.டி. பகுதி உயர்தல் ஆகியவையும் உடனே நிறுத்த வேண்டிய காரணங்கள். நோயாளி ‘போதும்’ என்று சொல்வதும் அதே பட்டியலில், அதே தகுதியோடு இடம்பெறுகிறது. மேல் எண் 250ஐயோ கீழ் எண் 115ஐயோ தாண்டுவது, மிகுந்த களைப்பு, காலில் பிடிப்பு போன்றவை நிலைமையைச் சீர்தூக்கி முடிவெடுக்க வேண்டியவை. இவற்றுள் வெளிறலும் தள்ளாட்டமும் உதட்டின் நிறமும் எந்தத் திரையிலும் தெரிவதில்லை. நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கே தெரியும்.

கைப்பிடியை இறுகப் பற்றியபடி நடப்பவர் உடல் எடையில் ஒரு பகுதியைக் கைகளுக்கு மாற்றிவிடுவதால், உண்மையில் அவரால் இயன்றதைக் காட்டிலும் அதிக நேரம் நடந்ததாகப் பதிவாகும். விரல்களை மட்டும் மெல்லத் தொட்டுக்கொண்டு நடக்குமாறு செவிலியர் இடையிடையே நினைவூட்டுவதன் காரணம் இதுவே. சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கிய, 6 முதல் 20 வரையிலான உழைப்பு உணர்வு அளவுகோலைக் காட்டி, ‘இப்போது எவ்வளவு சிரமமாக இருக்கிறது?’ என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்பதும் உண்டு.

வலியைக் கேட்டறியும் முறையில் தனித் திறமை தேவைப்படுகிறது. ‘வலிக்கிறதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று சொல்பவர், ‘நெஞ்சு பாரமாக இருக்கிறதா, பிடிப்பது போல் இருக்கிறதா?’ என்று கேட்டவுடன் ‘ஆமாம்’ என்பார். ஏனெனில் இதயத்தின் இரத்தக் குறைவு பலருக்கு வலியாகத் தோன்றாமல் பாரமாகவும் இறுக்கமாகவும் எரிச்சலாகவும் தோன்றுகிறது. தாடையில் வரும் இழுப்பைப் பல் கோளாறு என்றும், மேல்வயிற்றில் வரும் அழுத்தத்தை ‘கேஸ்’ என்றும் எண்ணிச் சொல்லாமல் விடுபவர் பலர். நீண்ட நாள் நீரிழிவு உள்ளவருக்கு வலியே தோன்றாமல் மூச்சிரைப்பு மட்டும் வரலாம். நோயாளியின் வழக்குச் சொல்லை அப்படியே குறித்துக்கொண்டு, அது எந்த நிமிடத்தில், எந்தத் துடிப்பில் தோன்றியது என்பதையும் சேர்த்து எழுதும் செவிலியரின் பதிவு, மருத்துவரின் முடிவுக்கு இன்றியமையாத ஆதாரமாகிறது.

அதன் மதிப்பை டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட மதிப்பெண் முறை தெளிவாகக் காட்டுகிறது. புரூஸ் முறையில் நடந்த நிமிடங்களிலிருந்து, எஸ்.டி. மாற்றத்தின் மில்லிமீட்டர் அளவை 5ஆல் பெருக்கியும், வலி எண்ணை 4ஆல் பெருக்கியும் கழிக்க வேண்டும். வலி இல்லையெனில் எண் 0. வலி வந்தும் நடக்க முடிந்தால் 1. வலியே நடையை நிறுத்தியிருந்தால் 2. விடை 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து குறைவு; −11 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஆபத்து அதிகம்; இடைப்பட்டவை நடுத்தரம். பத்து நிமிடம் நடந்து, 1 மில்லிமீட்டர் தாழ்வு காட்டி, வலியே இல்லை என்று சொன்னவரின் மதிப்பெண் 5. அவர் குறைந்த ஆபத்துடையவர். அதே மனிதர் வலியால்தான் நின்றார் என்றால் மதிப்பெண் −3. அவர் நடுத்தர ஆபத்துடையவர். கருவியின் பதிவு இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு முழுவதும், நோயாளி சொன்னதிலும் செவிலியர் கேட்டதிலும் இருக்கிறது.

நடக்க இயலாதவர்க்கு

மூட்டுத் தேய்மானம், பக்கவாதம், கால் தமனி அடைப்பு போன்றவற்றால் நடக்க முடியாதவர்க்கு மருந்தின் மூலம் இதயம் சோதிக்கப்படுகிறது. செவிலியரின் பொறுப்பு இங்கே இன்னும் கூடுகிறது. டோபியூட்டமின் என்ற மருந்து இதயத்தை விரைந்து, வலுவாகத் துடிக்கச் செய்கிறது. எக்கோ படத்துடன் சேர்த்து இது பெரிதும் பயன்படுகிறது. அடினோசின் போன்ற மருந்துகளோ நலமான தமனிகளை விரிவடையச் செய்து, விரிய முடியாத தமனியின் பகுதியை இரத்த ஓட்டப் படத்தில் வேறுபடுத்திக் காட்டுகின்றன. வென்ஃப்ளான் என்று வழங்கும் ஊசிக்குழாயைச் சிரையில் பொருத்துவதும், எடைக்கேற்ற மருந்தளவைக் கணக்கிட்டு மற்றொருவரோடு சரிபார்ப்பதும், ஏற்றும் வேகத்தைக் கண்காணிப்பதும் செவிலியரின் வேலைகளாகும்.

காபியிலும் தேநீரிலும் உள்ள கஃபீன் அடினோசினின் செயலைத் தடுத்துவிடுவதால், குறைந்தது 12 மணி நேரமாவது அவற்றைத் தவிர்க்க வேண்டும். விடியற்காலைக் காபியைப் பழக்கத்தால் குடித்துவிட்டு, அதை உணவாகக் கருதாமல் ‘வெறும் வயிறுதான்’ என்று சொல்பவரிடம், காபி குடித்தீர்களா என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டியிருக்கிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு அடினோசின் மூச்சுக்குழல்களை இறுக்கக்கூடும். அவர்கள் எடுத்துக்கொள்ளும் டெரிஃபிலின் போன்ற மாத்திரைகளும் அம்மருந்தின் செயலைத் தடுக்கும். மருந்து ஏறும்போது முகம் சிவந்து சூடாவதும் நெஞ்சு இறுகுவதும் மூச்சுத் திணறுவதும் பலருக்கும் நேர்வன. அடினோசினின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், 10 விநாடிக்கும் குறைவு என்பதால், மருந்தை நிறுத்தியதும் அவை விரைவில் அடங்கிவிடும். இதை முன்பே சொல்லிவைத்தால், சாவு நெருங்குகிறதோ என்ற அச்சம் நோயாளிக்கு எழாது.

நின்ற பிறகு

பட்டை நின்றவுடன் சோதனை முடிந்துவிட்டதாகக் கருதுவது பிழை. விரிந்த கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் தங்கி, இரத்த அழுத்தம் சட்டென இறங்கும் அபாயம் அப்போதுதான் இருக்கிறது. ஆகவே மெதுவாகச் சிறிது நேரம் நடக்க விட்டு, பின்னர் அமர வைப்பது வழக்கம். எக்கோ சேர்ந்த சோதனையாயின், இதயம் அமைதியடைவதற்குள் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் படங்களை எடுத்துவிட வேண்டியிருப்பதால், நோயாளியை உடனே இடப்பக்கமாகப் படுக்க வைக்க வேண்டும். எங்கே, எப்படிப் படுக்க வேண்டும் என்பதை முன்பே பழக்கியிருந்தால்தான் அது நிகழும். நடக்கும்போது தோன்றாத எஸ்.டி. மாற்றம் ஓய்வில் தோன்றுவதும் உண்டு. நிமிர்நிலையில் மெல்ல நடந்து ஓய்வெடுக்கும் முதல் நிமிடத்தில், உச்சத் துடிப்பிலிருந்து 12 அல்லது அதற்குக் குறைவாகவே இறங்கினால் அது நல்ல அறிகுறியன்று என 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே துடிப்பும் அழுத்தமும் பதிவும் தொடக்க நிலைக்கு அருகில் வரும்வரை செவிலியர் உடனிருக்கிறார். அதன்பின், வெந்நீர்க் குளியலைச் சிறிது நேரம் தவிர்ப்பது, நிறுத்திய மாத்திரைகளை எப்போது மீண்டும் தொடங்குவது, எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்ப வர வேண்டும் என்பவற்றை, உடன் வந்தவரும் கேட்கும்படி சொல்லி அனுப்புகிறார்.

முடிவின் எல்லையையும் நோயாளி அறிந்திருப்பது நன்று. 147 ஆய்வுகளைத் தொகுத்து 1989இல் வெளியான பகுப்பாய்வின்படி, இ.சி.ஜி.யோடு கூடிய உழைப்புச் சோதனை, அடைப்பு உள்ளவர்களில் சராசரியாக 68 விழுக்காட்டினரைக் கண்டறிகிறது. அடைப்பு இல்லாதவர்களில் 77 விழுக்காட்டினரைச் சரியாக விலக்குகிறது. இந்தக் குறையைக் கருதியே, ஏற்கனவே கரோனரி நோய் உறுதியாகாதவர்க்கு ஆஞ்சைனா என்னும் இதய நெஞ்சுவலியைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2010இல் பரிந்துரைத்தது. எனினும் ஒருவரால் எவ்வளவு உழைக்க முடிகிறது, அப்போது அவருடைய துடிப்பும் அழுத்தமும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை, அதிகச் செலவின்றிக் காட்டும் சோதனையாக இது நீடிக்கிறது. ‘நெகட்டிவ்’ என்ற முடிவு கையில் இருக்கிறது என்பதற்காகப் பின்னர் வரும் நெஞ்சுவலியைப் புறக்கணிக்கலாகாது.

‘டெஸ்ட்’ என்ற சொல் பள்ளித் தேர்வையும் நினைவூட்டுவதாலோ என்னவோ, இதில் ‘பாஸ்’ ஆகிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பவர்கள் இருக்கிறார்கள். மறைக்கப்படும் வலி, மறைத்தவரையே தவறான பட்டியலில் சேர்த்துவிடுகிறது. ஆகவே இச்சோதனைக்குச் செல்பவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நெஞ்சில் சிறு பாரம் தோன்றினாலும், அது அற்பமானது என்று தாமே முடிவு செய்யாமல், அருகில் நிற்கும் செவிலியரிடம் அந்த நொடியே சொல்லிவிட வேண்டும்.